ஓ2 நிலையில் டீபக் தகவல் பொய்யான மதிப்பைக் காட்டுவது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவை, கம்பைலர் பிரிவு.

பொருள்: புதிய பதிப்பில் டீபக் தகவல் தவறாக உருவாவது – திருத்தமும் சோதனையும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் கம்பைலரைக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் ஃபர்ம்வேர் குழுவின் சார்பில் எழுதுகிறேன். கார்டெக்ஸ்-எம்4 சிப்பில் ஓடும் மோட்டார் கட்டுப்பாட்டு போர்டு எங்களுடையது. நிரலை வேகமாக ஓடும்படி செம்மைப்படுத்தும் ஓ2 நிலையில்தான் கம்பைல் செய்கிறோம். புதிய பதிப்புக்கு மாறியதிலிருந்து, கம்பைலர் எழுதும் டீபக் தகவலை வைத்து டீபக்கர் (ஓடும் நிரலை நிறுத்தி வேரியபிள்களைப் பார்க்கும் கருவி) காட்டும் மதிப்பை நம்ப முடியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். சீரியல் போர்ட்டில் வரும் பாக்கெட்டைப் படிக்கும் ஃபங்ஷனில் பாக்கெட்டின் நீளத்தை வைக்கும் 'லென்' என்று ஒரு வேரியபிள். பாக்கெட் பழுதின்றி வந்ததா என்று பார்க்கச் செக்சம் போடும் லூப்புக்கு அடுத்த வரியில், நிரல் நிற்கும்படி பிரேக்பாயிண்ட் வைத்தால், லென் 3 என்கிறது டீபக்கர். வந்ததோ 64 பைட் பாக்கெட். எங்கள் குழுவில் ஒருவர் இதை நம்பி, சரியாக இருந்த பாக்கெட் கோடை மாற்றி எழுதத் தொடங்கிவிட்டார்.

அப்புறம் கம்பைலர் உருவாக்கிய அசெம்ப்ளியை, அதாவது சிப்புக்கான கட்டளைகளை, திறந்து பார்த்தோம். லூப் எங்கே முடிய வேண்டும் என்ற முகவரியைக் கணக்கிட்டதும் லென்னுக்கு வேலை முடிந்துவிடுகிறது. அது இருந்த ஆர்4 ரெஜிஸ்டரை (சிப்புக்குள் ஒரு மதிப்பை வைக்கும் சிறு இடம்), மறுமுயற்சி எண்ணிக்கையை வைக்கும் வேறொரு வேரியபிளுக்குக் கம்பைலர் கொடுத்துவிடுகிறது. அந்த 3 அதனுடைய மதிப்பு. ரெஜிஸ்டரை மறுபடி பயன்படுத்தியதில் தவறே இல்லை. ஆனால் கம்பைலர் எழுதிய டுவார்ஃப் (டீபக் தகவலின் வடிவம்) லொகேஷன் லிஸ்ட், அதாவது எந்த முகவரி வரம்பில் வேரியபிள் எங்கே இருக்கிறது என்று டீபக்கருக்குச் சொல்லும் பட்டியல், ஃபங்ஷன் முடியும்வரை லென் ஆர்4-இலேயே இருப்பதாகச் சொல்கிறது. அந்த வரம்பை உரிய இடத்தில் முடித்திருந்தால் டீபக்கர் 'ஆப்டிமைஸ்டு அவுட்' என்று காட்டியிருக்கும். அதை நாங்கள் குறையாகவே நினைக்க மாட்டோம். மதிப்பு கிடைக்காது என்று தெரிந்தால் வேறு வழி தேடுவோம். தவறான மதிப்பு கிடைத்தால் தப்பான இடத்தில் பிழையைத் தேடிக்கொண்டிருப்போம்.

இதைத் தெரிவித்தபோது, செம்மைப்படுத்தலே இல்லாத ஓ0-வில் கம்பைல் செய்து பார்க்கும்படி உங்கள் பிரிவிலிருந்து பதில் வந்தது. ஓ0-வில் எங்கள் ஃபர்ம்வேர் சிப்பின் ஃபிளாஷ் நினைவகத்தில் அடங்காது. அடங்கினாலும் நேரக்கணக்கு மாறிவிடும். இண்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் சமிக்ஞை) சார்ந்த பிழை அதோடு மறைந்துவிடும். எப்படியானாலும் வாடிக்கையாளரிடம் போவது ஓ2 பைனரிதான், களத்திலிருந்து வரும் கிராஷ் டம்ப்பும் (முடங்கிய நேரத்து நினைவகப் பதிவு) அதனுடையதுதான்.

டுவார்ஃப் தகவலைச் சரிபார்க்கும் கருவியில் ஓட்டினோம், பிழை எதுவும் வரவில்லை என்றும் அதே பதிலில் எழுதியிருந்தீர்கள். வரத்தான் வராது. அந்தக் கருவி பார்ப்பது வடிவத்தை: முகவரி வரம்புகள் ஒழுங்காக இருக்கின்றனவா, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்தைச் சுட்டுவது பொருந்துகிறதா என்பது போன்றவற்றை. ஆர்4-இல் இருப்பது உண்மையில் லென்தானா என்பது அதற்குத் தெரியாது. நிரலை டீபக்கரில் ஓட்டி, நிறுத்தி, கிடைத்த மதிப்பை எதிர்பார்த்த மதிப்போடு ஒப்பிட்டால்தான் அது வெளிப்படும். ஜிசிசி கம்பைலரில் இதற்கென்றே 'குவாலிட்டி' என்ற சோதனைத் தொகுப்பு இருக்கிறது: எந்த வரியில் எந்த வேரியபிள் என்ன மதிப்பு காட்ட வேண்டும் என்று சோதனை நிரலிலேயே எழுதி, வெவ்வேறு ஆப்டிமைசேஷன் நிலைகளில் கம்பைல் செய்து, ஜிடிபி என்ற டீபக்கரில் ஓட்டிப் பார்க்கிறார்கள். எல்எல்விஎம் கம்பைலர் தொகுப்பில் இதற்கு 'டெக்ஸ்டர்' இருக்கிறது. இரண்டுமே எவரும் எடுத்துப் பார்க்கக்கூடிய திறந்த மூலக் கருவிகள். கட்டணம் வாங்கி விற்கும் கம்பைலருக்கு இந்த அளவு சோதனையாவது இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகமில்லை.

ஆகவே, லொகேஷன் லிஸ்ட் பிழையை அடுத்த திருத்தப் பதிப்பிலேயே சரிசெய்யுங்கள். இதைக் காட்டும் சிறிய நிரலையும் அசெம்ப்ளியையும் இணைத்திருக்கிறேன். அந்த நிரலை உங்கள் ஓ2 சோதனைகளில் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வெளியீட்டிலும் டீபக் தகவலை ஓட்டிச் சோதிக்கிறீர்களா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். திருத்தம் வரும்வரை நாங்கள் பழைய பதிப்பிலேயே இருக்கப்போகிறோம். அதற்கான ஆதரவைக் கூடுதல் கட்டணமின்றி நீட்டித்துத் தர வேண்டும். உரிமத்தைப் புதுப்பிக்கும் நாள் நெருங்குவதால், அதற்குமுன் பதில் தேவை.

இப்படிக்கு,
ஃபர்ம்வேர் குழுப் பொறுப்பாளர்

இணைப்பு: சோதனை நிரல், அசெம்ப்ளி, டுவார்ஃப் டம்ப்