மூன்றடிக்குப் பணம் கட்டினேன், நான்கடி வந்தது: சிறு டிராக்டர் விற்பனை குறித்த புகார்

தேதி: 20 ஜனவரி 2026

அனுப்புநர்:
பட்டு விவசாயி,
உடுமலைப்பேட்டை வட்டம்,
திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
டிராக்டர் நிறுவனத் தலைமை அலுவலகம்.

பொருள்: டிராக்டருக்குப் பொருந்தாத ரோட்டவேட்டரைக் கொடுத்தது, அதனால் ஏற்பட்ட பழுதுக்கு வாரண்டி மறுத்தது, வரிக் குறைப்பைத் தராதது தொடர்பாக.

ஐயா,

தங்கள் நிறுவனத்தின் 20 குதிரைத்திறன் சிறு டிராக்டர், சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ஒரு ரோட்டவேட்டர், ஓர் ஐந்து கொத்துக் கலப்பை ஆகிய மூன்றையும் 2025 செப்டம்பர் 29 அன்று தங்கள் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கினேன். மொத்தம் ரூ.5,54,400. கூட்டுறவு வங்கிக் கடன் மூன்று லட்சம், நகைக் கடன் ஒன்றரை லட்சம், மீதி நான்கு ஆண்டுகளாகப் பட்டுக்கூடு விற்றுச் சேர்த்தது. டிரெய்லரும் வாங்க ஆசைதான். பணம் போதாது என்று அதை விட்டுவிட்டேன். எவ்வளவு கணக்குப் பார்த்து இதை வாங்கினேன் என்பது தெரிவதற்காகவே இந்த விவரங்களை எழுதுகிறேன்.

என் நிலம் இரண்டரை ஏக்கர். இரண்டு ஏக்கரில் வி-1 ரக மல்பெரி ஜோடி வரிசை முறையில் இருக்கிறது. இரண்டு வரிசைக்கு நடுவே மூன்றடி, அடுத்த ஜோடிக்கு ஐந்தடி. அந்த ஐந்தடிச் சந்தில்தான் வண்டி ஓட வேண்டும். பழைய 35 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று நல்ல விலைக்கு வந்தது. சந்துக்குள் நுழையாது என்பதால் வேண்டாம் என்றேன். வாடகைப் பவர் டில்லரில்தான் இத்தனை காலம் ஓட்டினேன். தண்டோடு இலை அறுத்துப் பட்டுப்புழுவுக்குப் போட்டு முடித்த சில நாட்களுக்குள் களையை உழுது எரு வைத்தாக வேண்டும். துளிர் வந்த பிறகு வண்டி இறக்கினால் துளிர் ஒடியும். எல்லாத் தோட்டத்திலும் அறுவடை ஒரே சமயத்தில் முடியும்போது பவர் டில்லர் யாருக்கும் கிடைப்பதில்லை. சொந்த வண்டி வேண்டும் என்று முடிவெடுத்ததன் காரணம் இவ்வளவுதான்.

2025 ஆகஸ்ட் 11 அன்று விற்பனையாளரிடம் போனபோது ஐந்தடிச் சந்து என்பதைத் தாளில் வரைந்தே காட்டினேன். பின்சக்கரங்களைக் குறுக்கி வைத்தால் டிராக்டரின் அகலம் மூன்றடிதான், அதற்கு மூன்றடி ரோட்டவேட்டர் சரியாக இருக்கும் என்று அவர்களே சொன்னார்கள். விலைப்பட்டியலிலும் '3 அடி ரோட்டவேட்டர்' என்றே எழுதி முத்திரை வைத்துத் தந்தார்கள். அன்றே ஐம்பதாயிரம் முன்பணம் கட்டினேன். அந்தப் பட்டியலின் நகலை இணைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 29 அன்று மாலை லாரியில் வந்து இறங்கியது நான்கடி ரோட்டவேட்டர். பார்த்ததும் கேட்டேன். "மூன்றடி இப்போது கையிருப்பில் இல்லை அக்கா. அதே விலைக்குப் பெரியதாகவே கொடுத்திருக்கிறோம், உழவு சீக்கிரம் முடியும்" என்றார் உடன் வந்த ஊழியர். இரண்டு நாளில் ஆயுத பூஜை. வீட்டில் எல்லோரும் புது வண்டி வந்த மகிழ்ச்சியில் இருந்தார்கள். பொருத்தம் பார்த்துத்தான் கொடுத்திருப்பார்கள் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டேன். டிராக்டர் நிறுவனத்தின் பெயர்ப்பலகை தொங்கும் கடையில் வேறு எதை நம்புவது?

நான்கடி என்பது வெட்டும் அகலம் மட்டும். இருபுறத் தகடும் சங்கிலிப் பெட்டியும் சேர்த்து நான் டேப் வைத்து அளந்தபோது 55 அங்குலம் வந்தது. சந்து 60 அங்குலம். பக்கத்துக்கு இரண்டரை அங்குலம்கூட நேராக ஓட்டினால்தான் மிஞ்சும். எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் முதல் உழவிலேயே நாற்பதுக்கும் மேற்பட்ட தூர்களில் பட்டை உரிந்தது. மல்பெரி வைத்திருப்பவர்களுக்கு இதன் பொருள் தெரியும். தூரில் காயம் பட்டால் வேரழுகல் நுழைய வழி திறந்ததுபோல. ஒரு செடிக்கு வந்தால் அந்த வரிசையே பயத்தில் நிற்கும். நட்டு எட்டு ஆண்டான தோட்டம் இது.

அகலம் ஒரு பக்கம். இழுவை இன்னொரு பக்கம். தங்கள் விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் '20 குதிரைத்திறன்' என்று இருக்கிறது. அது இன்ஜினின் திறன். ரோட்டவேட்டரைச் சுழற்றுவது பின்னால் இருக்கும் பி.டி.ஓ. தண்டு. அங்கே வந்து சேர்வது 17 குதிரைத்திறனுக்குச் சற்று மேல் என்று கையேட்டின் கடைசிப் பக்க அட்டவணையில் பொடி எழுத்தில் இருக்கிறது. கையேடு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே கொடுத்தார்கள். கல்லூரியில் படிக்கும் என் மகள்தான் படித்துச் சொன்னாள். எங்கள் செம்மண்ணில் ஈரம் சற்றுக் குறைந்தாலே, முதல் கியரில்கூட வண்டி திணறிக் கரும்புகை விட்டது. ஆழத்தைக் குறைத்தால் ஓடுகிறது. ஆனால் கோரைக்கிழங்கு அடியிலேயே தங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட உழவால் என்ன பயன்?

வண்டி ஏன் திணறியது என்பதற்கான விடை ரோட்டவேட்டரிலேயே இருந்தது. ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனம் கியர் பெட்டியின் மேல் காய்ந்து கிடந்தது. ஒரு நாள் ஈரத்துணியால் துடைத்தேன். அதன் அடியில் ஒட்டியிருந்த தகட்டில் 'பரிந்துரைக்கப்படும் டிராக்டர்: 25 முதல் 30 குதிரைத்திறன்' என்று அச்சடித்திருந்தது. 20 குதிரைத்திறன் வண்டிக்கு இதை மாட்டி அனுப்பியவர் அந்தத் தகட்டைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தும் அனுப்பினாரா, பார்க்காமலே அனுப்பினாரா என்பதைத் தாங்கள்தான் விசாரிக்க வேண்டும். படத்தை இணைத்திருக்கிறேன்.

நவம்பர் 6 அன்று, வண்டி ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டர் 38 காட்டிய நேரத்தில், பி.டி.ஓ. தண்டின் அடியில் எண்ணெய் சொட்டுவதைக் கண்டேன். தங்கள் விற்பனையாளரின் பணிமனையில் கழற்றிப் பார்த்தபோது நானும் பக்கத்திலேயே நின்றேன். டிராக்டரையும் ரோட்டவேட்டரையும் இணைக்கும் ஷாஃப்ட் இரண்டு குழாய்களால் ஆனது. ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி நீளவும் குறுகவும் வேண்டும். கருவியைத் தூக்கும்போதும் இறக்கும்போதும் இரண்டுக்கும் இடையிலான தூரம் மாறும் அல்லவா? அதனால் ஒவ்வொரு வண்டிக்கும் அளவெடுத்து, மிச்ச நீளத்தை அறுத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். எங்கள் வண்டிக்கு யாரும் அளவெடுக்கவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த நீளத்திலேயே மாட்டியிருக்கிறார்கள். உள்குழாயின் நுனி நசுங்கி, ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு போலப் பளபளத்தது. குறுக இடமில்லாமல் ஒவ்வொரு முறையும் அது டிராக்டரின் உள்ளே முட்டியிருக்கிறது. ஆயில் சீல் கிழிந்து, பேரிங்கும் ஆட்டம் கண்டுவிட்டது. இதைச் சொன்னவர் தங்கள் பணிமனையின் மூத்த மெக்கானிக். "மாட்டும்போதே அறுத்திருக்க வேண்டும்" என்று அவர் சொன்னதை என் கணவரும் கேட்டார்.

அதே பணிமனையில் மாலையில் ரூ.7,800-க்குப் பில் போட்டார்கள். 'வாரண்டிக்குப் புறம்பானது' என்று அதன் மேல் எழுதியிருக்கிறது. காரணம் கேட்டால், வேறு நிறுவனத்தின் கருவியால் வந்த சேதம் என்கிறார்கள். தங்கள் சேவை எண்ணுக்கு மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் அதே பதில். ரோட்டவேட்டர் நிறுவனத்தை அழைத்தால், ஷாஃப்டை அளவெடுத்து மாட்டுவது விற்பவரின் வேலை என்கிறார்கள். விற்பவரோ தலைமை அலுவலகத்தைக் கேளுங்கள் என்கிறார். ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே பில்லில் வாங்கிய பொருள்கள் இவை. டிராக்டர் தனியாக நின்றால் எனக்கு ஒரு பயனும் இல்லை. பின்னால் கருவி சுழன்றால்தான் அது உழவு வண்டி. சேர்த்து விற்கும்போது 'முழுத் தொகுப்பு' என்று சொல்லிவிட்டு, பழுது வந்ததும் தனித்தனியாகப் பிரிப்பது நியாயமல்ல. இந்தக் கடிதத்தில் நான் முதன்மையாகக் கேட்க நினைப்பது இதைத்தான்.

எண்ணெய்க் கசிவைவிட என்னைக் கலங்கவைத்தது வேறொன்று. தோட்டத்திலிருந்து வண்டித்தடத்துக்கு ஏறும் இடத்தில் சின்ன மேடு உண்டு. என் மகன் ரோட்டவேட்டரைத் தூக்கிய நிலையில் ஏற்றியபோது முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு ஒரு சாண் எழும்பின. அவன் சட்டென்று கிளட்சை மிதித்ததால் வண்டி தணிந்தது. பின்னால் தொங்கும் எடைக்கு ஈடாக முன்னால் எடைக்கட்டிகள் மாட்டியிருக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம். விலைப்பட்டியலில் அது இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. அன்று முதல் அவனை வண்டியில் ஏறவிடவில்லை. ஷாஃப்டின் மேல் வர வேண்டிய பிளாஸ்டிக் உறையும் இல்லாமலேதான் வந்தது. புடவை முந்தானையோ துண்டோ சுற்றினால் என்ன ஆகும் என்பதை விவசாயக் கருவி விற்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனி விலை. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும் உழவுக் கருவிகளுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. எனக்குப் பில் போட்டதும் மீதிப் பணம் வாங்கியதும் அதற்கு ஒரு வாரம் கழித்து. ஆகஸ்ட் விலைப்பட்டியலில் டிராக்டரின் அடிப்படை விலை ரூ.4,00,000, வரி ரூ.48,000, ஆக மொத்தம் ரூ.4,48,000. புதிய வரிப்படி ரூ.4,20,000 வந்திருக்க வேண்டும். பில்லில் வரி 5 சதவீதம் என்றே இருக்கிறது. ஆனால் மொத்தம் மாறாமல் அதே ரூ.4,48,000. அடிப்படை விலை மட்டும் ரூ.4,26,666.67 ஆகியிருக்கிறது. முழு எண்ணாக இருந்த விலைக்கு 67 பைசா எங்கிருந்து வந்தது? பழைய மொத்தத்தை வைத்துக்கொண்டு பின்னோக்கி வகுத்திருக்கிறார்கள். ரோட்டவேட்டரிலும் இதேபோல் ரூ.5,250, கலப்பையில் ரூ.1,400. மூன்றுக்கும் சேர்த்து ரூ.34,650 எனக்கு வந்திருக்க வேண்டிய பணம். எங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அரசு வரியைக் குறைத்தது. நகைக்கு வட்டி கட்டுகிறவளுக்கு இது சிறிய தொகை அல்ல.

மானிய விஷயத்திலும் தவறாகச் சொன்னார்கள். முதலில் வாங்கிவிடுங்கள், பிறகு அரசின் உழவன் செயலியில் பதிந்துகொள்ளலாம் என்றார்கள். அதை நம்பி நான் முன்கூட்டியே விண்ணப்பிக்கவில்லை. அனுமதி வந்த பிறகு வாங்கினால்தான் மானியம் என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் பின்னர் விளக்கினார்கள். அது கைவிட்டுப் போனது. இதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் தங்கள் விற்பனையாளர்கள் இனி இப்படிச் சொல்லக் கூடாது என்று எழுத்தில் அறிவுறுத்த வேண்டும்.

டிராக்டரைப் பற்றி எனக்குக் குறை இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன். ஐந்து கொத்துக் கலப்பையோடு அருமையாக ஓடுகிறது. திருப்பம் குறைவான இடத்திலும் மடங்குகிறது, டீசல் செலவும் கட்டுப்படியாகிறது. நல்ல வண்டியைப் பொருந்தாத கருவியோடு கட்டி அனுப்பிக் கெடுத்துவிட்டார்களே என்பதுதான் ஆற்றாமை. வண்டி பணிமனையில் நின்ற நாட்களில் மணிக்கு ரூ.650 வீதம் 11 மணி நேரம் பவர் டில்லர் வாடகை கொடுத்தேன், ரூ.7,150. உழவு தள்ளிப்போனதால் 200 முட்டைத் தொகுதிக்குச் சொல்லிவைத்திருந்த இளம்புழுவை வேண்டாமென்று சொல்ல நேர்ந்தது. அந்த ஒரு பருவக் கூட்டின் வருமானத்துக்கு நான் விலை போடவில்லை.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டியவை: நான்கடி ரோட்டவேட்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, விலைப்பட்டியலில் உள்ளபடி மூன்றடி ரோட்டவேட்டரைத் தர வேண்டும். அதன் ஷாஃப்டை எங்கள் வண்டிக்கு அளவெடுத்து அறுத்து, உறையோடு மாட்ட வேண்டும். முன் எடைக்கட்டிகளைப் பொருத்தித் தர வேண்டும். பழுதுபார்த்த தொகை, வாடகை, வரி வித்தியாசம் ஆக ரூ.49,600-ஐத் திருப்பித் தர வேண்டும். பி.டி.ஓ. பகுதியில் மீண்டும் கசிவு வந்தால் வாரண்டியில் சரிசெய்வதாக எழுத்தில் உறுதி தர வேண்டும். விளம்பரத் தாளிலும் விலைப்பட்டியலிலும் பி.டி.ஓ. திறனையும், எத்தனை அடி ரோட்டவேட்டர் வரை மாட்டலாம் என்பதையும் தமிழில் அச்சிடுங்கள். இது எனக்காக அல்ல, அடுத்து வந்து முன்பணம் கட்டப்போகிறவருக்காக.

பிப்ரவரி 14 வாக்கில் அடுத்த இலை அறுவடை முடியும். அதற்குள் சந்தில் இறங்கக்கூடிய கருவி என் கையில் இருக்க வேண்டும். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து வடிவில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்து, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பிழைப்புக்காகத் தானே உழைத்துப் பயன்படுத்த வாங்கிய பொருள் வணிக நோக்கில் வாங்கியது ஆகாது என்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் தெளிவாக இருக்கிறது. விற்பனையாளர், தங்கள் நிறுவனம் இருவரையுமே எதிர்த்தரப்பாகச் சேர்ப்பேன்.

அளவெடுக்க வருபவர்களை முன்கூட்டியே தெரிவித்துவிட்டு அனுப்பி வையுங்கள். காலை எட்டு மணிக்குப் பிறகு நான் தோட்டத்தில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: விலைப்பட்டியல், பில், பணிமனை ரசீது, பவர் டில்லர் வாடகை ரசீது ஆகியவற்றின் நகல்கள், ரோட்டவேட்டர் தகடு, ஷாஃப்ட், காயம்பட்ட தூர்கள் ஆகியவற்றின் படங்கள்.