642-ஐ முழுதாகச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

சாளுக்கியரின் தலைநகரான வாதாபியை (இன்றைய பாதாமி) நரசிம்மவர்ம பல்லவன் வென்றது பற்றிய கட்டுரை நன்று. பாதாமிப் பாறையில் இன்றும் இருக்கும் பல்லவக் கல்வெட்டையும் குறிப்பிட்டிருக்கலாம்.

அந்த வெற்றி பொதுவாக 642-ல் நடந்ததாகக் கொள்ளப்படுகிறது. அதே ஆண்டில்தான் ஈரானின் நஹாவந்தில் அரபுப் படை, பாரசீகத்தை ஆண்ட சாசானியப் பேரரசின் முதுகெலும்பை முறித்தது. 400 ஆண்டு கண்ட பேரரசு அது! 602 முதல் 628 வரை பைசாந்தியத்தோடு (கிழக்கு ரோமப் பேரரசு) நடத்திய போரில் ஏற்கெனவே களைத்துப்போயிருந்தது. நஹாவந்துக்குப் பிறகு பெரும்படை திரட்ட சாசானிய மன்னர் மூன்றாம் யஸ்தகர்துக்கு வழியில்லை. ஊர் ஊராக ஓடி, 651-ல் மெர்வ் (இன்றைய துர்க்மெனிஸ்தானில்) அருகே கொல்லப்பட்டார். பைசாந்தியத்துக்கு மட்டும் என்ன லாபம்? அவர்களது படையும் 642-ல் எகிப்தின் அலெக்சாண்டிரியாவை அரபுகளிடம் விட்டுக் காலிசெய்து கப்பலேறியது. அப்புறம் கொரியா: அங்கே வடக்கில் இருந்த கோகுர்யோ அரசில் தளபதி யோன் கேசோமுன் மன்னரைக் கொன்று ஆட்சியைப் பிடித்ததும் அதே ஆண்டுதான்.

நம் பாடநூல்களில் வாதாபி ஒரு பாடத்தில், பாரசீகம் வேறு வகுப்பில். இரண்டும் ஒரே காலம் என்பதே பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. எனக்கு இது பெரிய ஆதங்கம். வரலாற்றுப் பக்கத்தில் மாதம் ஒருமுறையாவது ஓர் ஆண்டை எடுத்து, உலகம் முழுக்க அப்போது நடந்ததைப் படத்தோடு வெளியிடுங்கள்.

- ஒரு வாசகர், காஞ்சிபுரம்