டாவிஸ்டாக்குக்கு ரயில் எப்போது? பிரிட்டன் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

மூடிய பாதைகளைத் திறக்கும் திட்டத்தை 2024 ஜூலையில் ஒரே அறிவிப்பில் கைவிட்டீர்கள். தென்மேற்கு இங்கிலாந்தின் டாவிஸ்டாக் ஊருக்கான பாதையும் அதோடு போயிற்று. 2023 அக்டோபரில் இந்தப் பாதைக்கு வாக்குக் கொடுத்ததும் ஓர் அரசுதான். பழி யாருக்கு என்று கேட்கவில்லை. இன்று ரயில் வரும் பீர் ஆல்ஸ்டன் நிலையத்திலிருந்து டாவிஸ்டாக் வரை ஏறக்குறைய ஐந்தரை மைல். அதற்குப் பணமும் தேதியும் சொல்லுங்கள்.

கதை உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. 1962 டிசம்பரில் டாவிஸ்டாக்கின் தெற்கு நிலையத்தை மூடியபோது, அதுதான் வடக்கு நிலையம் இருக்கிறதே என்றாவது சொல்லியிருக்கலாம். 1890-இல் திறந்த அந்த வடக்கு நிலையத்தையும் 1968 மே மாதம் மூடியபோது அந்தச் சாக்கும் இல்லை. இன்று அந்தக் கட்டடத்தில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஊருக்கு மேலே நிற்கும் பழைய ரயில் கல்பாலம் நடைபாதையாகிவிட்டது. ஆகவே புது நிலையம் ஊரின் தெற்கு ஓரத்தில்தான் வர வேண்டும்.

நிலையம் கட்டுவது சுலபம். சிக்கல் பீர் ஆல்ஸ்டனில். பிளிமத் நகரத்திலிருந்து வரும் வண்டி, செயின்ட் பூடோ நிலையத்தில் அனுமதிச் சின்னமான கோலை எடுத்துக்கொண்ட பிறகே ஒற்றைத் தண்டவாளத்தில் நுழையலாம். பீர் ஆல்ஸ்டனில் கார்டு இறங்கி நெம்புகோலை இழுத்து, தண்டவாளம் பிரியும் பாயின்டை மாற்றுவார். டிரைவர் மறுமுனைக்கு நடந்துபோய், வந்த திசையிலேயே வண்டியைக் கிளப்பி, பாதையின் கடைசி நிலையமான கன்னிஸ்லேக் பக்கம் திருப்புவார். கோல் ஒன்றே ஒன்று. அது கன்னிஸ்லேக் போய்த் திரும்பும்வரை இன்னொரு வண்டிக்கு வழியில்லை. பிளிமத்திலிருந்து கன்னிஸ்லேக் போய்ச் சேரவே முக்கால் மணி நேரம். இந்த ஏற்பாட்டுக்குள் டாவிஸ்டாக் வண்டியைச் செருகினால் கன்னிஸ்லேக் மக்களின் வண்டியைப் பறித்ததாகவே முடியும். பீர் ஆல்ஸ்டனில் வண்டிகள் ஒதுங்க இரண்டாவது தண்டவாளமும் புது சிக்னலும் வேண்டும். நிலையத்துக்கு மட்டும் பணம் தந்து ரிப்பன் வெட்டிவிட்டுப் போய்விடாதீர்கள்.

2014 பிப்ரவரியில் முக்கிய ரயில் பாதை செல்லும் டாலிஷ் கடற்சுவர் இடிந்தபோது பிளிமத்தும் அதற்கு மேற்கே உள்ள கார்ன்வாலும் இரண்டு மாதம் நாட்டின் மற்ற பகுதிகளோடு ரயில் தொடர்பில்லாமல் கிடந்தன. முன்பு டாவிஸ்டாக், ஓக்ஹாம்ப்டன் ஊர்கள் வழியாக ஒரு மாற்றுப்பாதை இருந்தது. அதைப் பெயர்த்தெடுத்த சிக்கனத்தின் லாபக் கணக்கை யாராவது வெளியிட்டால் நாங்களும் படித்து மகிழ்வோம்.

கோபத்தில் எங்கோ போய்விட்டோம், பொறுத்தருளுங்கள். ஓக்ஹாம்ப்டனுக்கு 2021 நவம்பரில் தினசரி ரயில் திரும்பியது, அதுவும் மதிப்பிட்ட செலவைவிடக் குறைவாக. உங்களால் முடியாத வேலை அல்ல. அன்புகூர்ந்து அந்த ஐந்தரை மைலுக்கும் பீர் ஆல்ஸ்டன் சிக்னலுக்கும் சேர்த்துப் பணம் எவ்வளவு, தேதி என்ன என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

வணக்கத்துடன்,
டாவிஸ்டாக் ரயிலை எதிர்பார்ப்போர்