தொப்பிக்காரத் துரையும் குடிசைப் பிள்ளைகளும்

ஓய்வுநாள் பள்ளிப் பாடம் தயாரிக்கும் குழுவினருக்கு,

ஸ்தோத்திரம். பன்னிரண்டு வருஷமாக ஒரு கிராமத்துச் சபையில் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவன் எழுதுகிறேன்.

போன மாதம் வந்த மிஷனெரிப் பாடத்தில், வர்ணம் தீட்ட ஒரு படம் இருந்தது. தொப்பி வைத்த துரை ஒருவர் வேதாகமத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். எதிரே குடிசை வாசலில் சட்டையில்லாத ஆப்பிரிக்கப் பிள்ளைகள். நாலாம் வகுப்புக்காரி ஒருத்தி துரை முகத்துக்கு ரோஸ் கலர் அடித்துவிட்டு, "சார், இவங்களுக்கு இன்னும் யாரும் இயேசுவப் பத்திச் சொல்லலியா?" என்றாள். காணிக்கைப் பையில் போடக் கொண்டுவந்த இரண்டு ரூபாய் அவள் கைக்குள்ளேயே இருந்தது.

என்ன சொல்வேன்? 1900இல் உலகக் கிறிஸ்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்தார்கள். 2020 கணக்கில் பத்துக்கு மூன்று பேர் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் இரண்டுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். கன்வென்ஷன் மேடையில் இதை எழுப்புதல் என்று முழங்குவார்கள். அது பாதிக் கதை. ஆப்பிரிக்காவில் பிள்ளைப்பேறு அதிகம். மேற்கு ஐரோப்பாவில் ஞானஸ்நானம் பெற்றவர்களே சபையை விட்டுப் போய்விடுகிறார்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஆளா இல்லை? திருநெல்வேலியில் ஊழியம் செய்த நம் ரேனியஸ் ஐயரை அனுப்பிய அதே சி.எம்.எஸ். என்னும் இங்கிலாந்து மிஷனெரிச் சங்கத்தின் ஊழியர்தான் சாமுவேல் அஜாயி க்ரௌதர். இன்றைய நைஜீரியாவில் யொருபா இனக் குடும்பத்தில் பிறந்தவர். 1821இல் அடிமை பிடிக்கிறவர்கள் ஊரையே வளைத்தபோது அகப்பட்டார். கை மாறிக் கை மாறி விற்கப்பட்டு, போர்த்துகீசியக் கப்பலில் ஏற்றப்பட்டார். பிரிட்டிஷ் கடற்படை அந்தக் கப்பலை மறித்து அவரை சியரா லியோனில் இறக்கிவிட்டது. அங்கே படித்து, குருவாகி, ஊர்ப்பக்கம் ஊழியத்துக்குத் திரும்பியவர், 1846இல் அபேயோகுட்டா என்ற யொருபா நகரத்தில் பெற்ற தாயைக் கண்டார், இருபத்தைந்து வருஷம் கழித்து. பிறகு அந்தத் தாயும் ஞானஸ்நானம் பெற்றாள். இந்த இடத்தைச் சொன்னால் எந்தப் பிள்ளை கண்ணிமைக்கும்?

வேதாகமத்தை யொருபா மொழிக்குக் கொண்டுவந்ததில் அவர் பங்கு பெரிது. 1864இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயர் ஆனார். வயதான காலத்தில், புதிதாக வந்த வெள்ளைக்கார இளைஞர்கள் அவருடைய ஆப்பிரிக்க ஊழியர்களை வேலையிலிருந்து நிறுத்தி அவரை ஓரங்கட்டினார்கள். 1891இல் அவர் இறந்தபின் அந்த இடத்துக்கு ஒரு வெள்ளைக்காரரே வந்தார். இதற்காக 2014இல் கேன்டர்பரி பேராயர் மன்னிப்புக் கேட்டார். இதையும் மறைக்காமல் பாடத்தில் வையுங்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரியும்.

ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வெள்ளாளன்விளை அசரியாவின் பெயரைச் சொல்லி நாம் நெஞ்சு நிமிர்த்துகிறோம். 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் துரைமாரைப் பார்த்து, "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்று கேட்டவர் அவர். அவர் ஊர்க்காரர்களான நாமே இன்று ஆப்பிரிக்கப் பிள்ளையைக் குடிசை வாசலில் உட்கார்த்தி வைத்து வர்ணம் தீட்டுகிறோம்.

மே மாத வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) புத்தகம் அச்சுக்குப் போகுமுன் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். க்ரௌதர் பாடத்தை நானே எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம். தாயும் மகனும் சந்திக்கிற படத்தை வரைய, ரோஸ் கலர் அடித்த அந்த நாலாம் வகுப்புக்காரியே போதும், நன்றாக வரைவாள்.

இப்படிக்கு,
ஓர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்