சம்பா போடும் நண்பனுக்கு

திருவையாறு
ஆவணி 20

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முப்பது வருஷம் பட்டணத்தில் இருந்துவிட்டு அப்பா நிலத்தில் சம்பா போடப்போகிறாய் என்று படித்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குத்தான் முழங்கால் வலி. உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

சூடோமோனாஸ் பவுடரைப் பற்றி, அதாவது உயிருள்ள பாக்டீரியாவை மாவில் கலந்து விற்கிறார்களே, அதைப் பற்றிக் கேட்டிருந்தாய். வெள்ளை மாவு எப்படி நெல்லைத் தாக்கும் பூஞ்சாண நோயான குலைநோயைத் தடுக்கும் என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. போன சம்பாவில் அதைப் போட்டும் இலையெல்லாம் கண் மாதிரி புள்ளி விழுந்து, கதிர்க் கழுத்து கறுத்து ஒடிந்தது. வெறுத்துப் போயிருந்தேன்.

தை மாதம் மகளின் வேளாண் கல்லூரிக்குப் போயிருந்தபோது ஆய்வகத்தில் ஒரு தட்டைக் காட்டினாள். ஒரு பக்கம் பூஞ்சாணம் பஞ்சு மாதிரி படர்ந்து வருகிறது. எதிர்ப்பக்கம் இந்தப் பாக்டீரியாவைக் கோடாக இழுத்து வைத்திருந்தார்கள். கோட்டுக்கு ஒரு விரற்கடை இருக்கும்போதே பூஞ்சாணம் நின்றுவிட்டது, சேகர். நடுவில் வெறும் இடம். கிட்டே போகாமலே, தான் சுரந்ததை வைத்தே தடுத்திருக்கிறது. அப்புறம் விளக்கை அணைத்துப் புற ஊதா ஒளியைக் காட்டினாள். கோடு மட்டும் மஞ்சள் பச்சையாக ஒளிர்ந்தது. அந்த நிறப்பொருள் சுற்றியுள்ள இரும்புச்சத்தைக் கவ்விக்கொள்ளுமாம். இரும்பு கிடைக்காத பூஞ்சாணம் வளர முடியாமல் தவிக்கும்.

இந்த இனத்தில் சில, டைஅசிட்டைல்ஃபுளோரோகுளூசினால் என்ற, பூஞ்சாணத்தை அடக்கும் பொருளையும் சுரக்கின்றன. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துக் கோதுமை வயல்களில் வேரைத் தாக்கும் ஒரு பூஞ்சாண நோய் உண்டு. ஒரே வயலில் விடாமல் கோதுமை போட்டால் நோய் முதலில் ஏறும், சில வருஷம் கழித்துத் தானாகவே இறங்கிவிடும். டேவிட் வெல்லர் என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் ஆராய்ந்ததில், அந்த மண்ணின் வேர்களில் இந்தப் பொருளைச் சுரக்கும் பாக்டீரியா பெருகியிருந்தது தெரிந்தது. ஒரு கிராம் வேரில் 1 லட்சமாவது இருந்தால்தான் நோய் அடங்குகிறது.

என் தப்பு அங்கேதான் புரிந்தது. நான் வாங்கிய பாக்கெட் கடை வாசலில் வெயிலில் கிடந்தது, தேதியும் முடிந்திருந்தது. பாதி செத்த மாவைத்தான் போட்டிருக்கிறேன். அதுவும் புள்ளி விழுந்த பிறகு! நோய் வருமுன்பே வேரில் குடியேறிப் பெருக வேண்டிய உயிர் அது.

அதனால் தேதி பார்த்து வாங்கு, நிழலில் வை. கிலோ விதைக்கு 10 கிராம் போட்டு, 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, தண்ணீரை வடித்து முளைகட்டு. நடவன்று வயல் மூலையில் சின்னப் பாத்தி கட்டி ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்து. ஏக்கருக்கு 1 கிலோ வீதம் கரைத்து, நாற்றின் வேரை 30 நிமிடம் அதில் வைத்திருந்து நடு. ரசாயனப் பூஞ்சாண மருந்தோடு மட்டும் கலந்துவிடாதே. யூரியாவையும் அள்ளிக் கொட்டாதே, தழைச்சத்து கூடினால் குலைநோய்க்குக் கொண்டாட்டம்.

நாற்றுப் பறிக்கும் தேதியை முன்கூட்டியே எழுது. முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன், பாத்தியை நானே கட்டித் தருகிறேன்.

அன்புடன்,
ராமு