மூலிகை மாத்திரையையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனச்சோர்வுக்கு மூலிகை மாத்திரைகள் பயன்படுமா என்பது குறித்துத் தங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அவை பக்கவிளைவு அற்றவை என்று அதில் கூறப்பட்டிருப்பதை, நெடுங்காலம் மருந்துக்கடையில் பணியாற்றிய மருந்தாளுநர் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை.

மூலிகையால் பலனே இல்லை என்பது என் வாதமன்று. ஐரோப்பாவில் தானாக வளரும் மஞ்சள் பூச்செடியான செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டை ஜெர்மனியில் மருத்துவர்களே மனச்சோர்வுக்கு எழுதித் தருகிறார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 29 ஆய்வுகளை 2008இல் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் என்னும் பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பு, அது மருந்தே கலவாத போலி மாத்திரையைவிட மேலாகவும், வழக்கமான மனச்சோர்வு மருந்துகளுக்கு ஏறத்தாழ இணையாகவும் வேலை செய்வதாகக் கூறியது. ஆனால், ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் ஆய்வுகளில்தான் பலன் கூடுதலாகத் தெரிந்தது என்பதையும் அவ்வமைப்பே குறிப்பிட்டது. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்விலோ அது போலி மாத்திரையை விஞ்சவில்லை.

பலன் உள்ள பொருள் என்பதாலேயே அதனிடம் எச்சரிக்கை வேண்டும். இச்செடி கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிடுவதால், நோயாளி உண்ணும் பிற மருந்துகள் வழக்கத்தைவிட வேகமாகச் சிதைந்து வெளியேறிவிடுகின்றன. இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், கருத்தடை மாத்திரை, எச்.ஐ.வி. மருந்துகள் சில ஆகியவை இவ்வாறு வலுவிழக்கும். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், இதயமாற்று அறுவை செய்துகொண்ட இருவர் மனச்சோர்வுக்காக இதை உண்டதால், மாற்று உறுப்பை உடல் எதிர்க்காமலிருக்கத் தரும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு இரத்தத்தில் குறைந்து, பொருத்தப்பட்ட இதயத்தை உடல் எதிர்க்கத் தொடங்கிய செய்தி 2000இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயிற்று. மனநல மருத்துவர் தரும் செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளுடன் இதைச் சேர்த்து உண்டால், செரட்டோனின் என்னும் மூளை வேதிப்பொருள் மிகுந்து, நடுக்கமும் காய்ச்சலும் குழப்பமும் வரலாம். அது உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

நமக்குப் பழக்கமான அமுக்கராவும் (அஸ்வகந்தா) இதற்கு விலக்கன்று. தைராய்டு மாத்திரை உண்பவர்களும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் அதைத் தாமாக வாங்கி உண்ணக் கூடாது.

கடையில் நான் கண்ட வழக்கம் ஒன்று உண்டு. "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்றே தலையசைப்பார்கள், "பொடி, லேகியம், கேப்சூல் ஏதாவது?" என்று கேட்ட பிறகே, இணையத்தில் வாங்கிய டப்பா பையிலிருந்து வெளியே வரும். இன்றைய கூட்ட நெரிசலில் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க மருத்துவர்களுக்கும் நேரம் கிடைப்பதில்லை என்பது எனக்கு மிகுந்த கவலை அளிக்கிறது.

ஆகவே, இத்தகைய கட்டுரைகளின் கீழே, உண்ணும் மூலிகையை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும், மனச்சோர்வு மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது என்னும் இரு குறிப்புகளையும், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐயும் தவறாமல் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
தஞ்சாவூர்.