முப்பத்தைந்து மதிப்பெண்ணுக்கான கணிதம்: என் வழிகாட்டி ஆசிரியைக்கு

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பள்ளியில் பி.எட். கற்பித்தல் பயிற்சியை முடித்துக் கல்லூரிக்குத் திரும்பிவிட்டேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைப் பற்றி ஆசிரியர் அறையில் நாம் பலமுறை பேசியிருந்தாலும், என் கருத்தை முழுமையாகச் சொன்னதில்லை. இந்த நெருக்கடி தங்களுக்கு மட்டும் உரியதன்று என்பதால், கடிதத்தைப் பொதுவில் வைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன்: பொதுத்தேர்வே கூடாது என்னும் கட்சியைச் சேர்ந்தவன் அல்லன் நான். விடைத்தாளைத் திருத்துபவருக்கு எழுதிய பிள்ளையின் பெயரோ ஊரோ பள்ளியோ தெரியாது என்பது எளிய வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும் பெரிய பாதுகாப்பு. கொரோனா காலத்தில், 2020இல், தேர்வு ரத்தாகி, காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களுக்கு 80 விழுக்காடும் வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடும் கொடுத்துக் கணக்கிட்டபோது, கண்டிப்பாகத் திருத்தும் பள்ளியில் படித்த பிள்ளையும் தாராளமாகத் திருத்தும் பள்ளியில் படித்த பிள்ளையும் ஒரே தராசில் நிற்க வழியில்லாமல் போயிற்று. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு அறிவித்த பொதுத்தேர்வை அதே ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு கைவிட்டதை வரவேற்கிறேன். பத்து வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாத சுமை. பதினைந்து வயதில் ஒரு பொது அளவுகோல் இருப்பதில் எனக்கு மறுப்பில்லை.

என் மறுப்பு, அந்த அளவுகோல் வகுப்பறைக்குள் வந்து பாடத்திட்டமாகவே மாறிவிடுவதில்தான். கணிதத் தாளில் செய்முறை வடிவியலுக்கு எட்டு, வரைபடத்துக்கு எட்டு என்பது உறுதியான மதிப்பெண். அந்தப் பதினாறோடு, புத்தக ஒரு மதிப்பெண் வினாக்களில் பன்னிரண்டும், கார்டீசியன் பெருக்கல் போன்ற இரண்டு மதிப்பெண் வினாக்கள் நான்கில் எட்டும் சேர்ந்தால் முப்பத்தாறு; தேர்ச்சிக்கு முப்பத்தைந்து போதும் என்பதால் பிள்ளை தேறிவிடும். மெல்லக் கற்போர் என்று பெயரிட்டுப் பின்வரிசையில் அமர்த்திய பிள்ளைகளுக்கு ஜூலை மாதத்திலிருந்தே இந்தக் கணக்குதான் கணிதம். அவர்கள் வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதை நான் வியந்து பார்த்திருக்கிறேன். அவ்வளவு சுத்தமாக என்னால் வரைய முடியாது.

அப்படிப்பட்ட மாணவன் ஒருவன் x² – 9x + 20 = 0 என்பதற்கு அட்டவணை போட்டு, வளைவரை வரைந்து, அது x அச்சை இரண்டு இடங்களில் வெட்டுவதால் ‘மெய் மற்றும் சமமற்ற மூலங்கள்’ என்று பிழையில்லாமல் எழுதிக் காட்டினான். வளைவரை நான்கில் அச்சை வெட்டுகிறதே, சமன்பாட்டில் x-க்குப் பதிலாக நான்கைப் போட்டால் என்ன வரும் என்று கேட்டேன். பூச்சியம் வரும் என்பது மட்டுமன்று, அந்த வரைபடத்துக்கும் என் கேள்விக்கும் தொடர்பு உண்டு என்பதே அவனுக்குத் தெரியவில்லை. அவனுடைய விடைக்கு எட்டுக்கு எட்டு கொடுக்கத்தான் வேண்டும், திருத்துபவர்மீது குற்றமில்லை. அவன் பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் முதலாண்டிலேயே கணிதத் தாள் காத்திருக்கும். அங்கே அவன் தோற்றால், அந்தத் தோல்வி நம் பள்ளிக் கணக்கில் வராது.

தாங்கள் விரும்பி இதைச் செய்யவில்லை என்பதை அறிவேன். 2017இல் மாநில அளவில் முதலிடம் அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது பிள்ளைகளுக்கு ஓரளவு நிம்மதி தந்தது. ஆசிரியருக்கு அப்படி ஒரு நிம்மதி வரவில்லை. பாடவாரியான தேர்ச்சி விழுக்காட்டை வைத்து மீளாய்வுக் கூட்டத்தில் கேள்வி எழும்போது, எட்டாம் வகுப்பு வரை எதிர்ம எண்களைக் கூட்டத் தெரியாமல் வந்த பிள்ளைக்கும் பத்தாம் வகுப்பு ஆசிரியைதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளையை அளக்க வைத்த தேர்வைக் கொண்டு ஆசிரியரையும் அளந்தால், அவர் முப்பத்தைந்தைக் குறிவைக்காமல் வேறு என்ன செய்வார்? என் வழக்கு தங்களோடு அன்று, அந்த விழுக்காட்டோடுதான்.

2021 நவம்பரில் நடந்த தேசிய அடைவு ஆய்வு போன்றவை இதற்கு மாற்று ஆகா. மாதிரிக்கெனத் தேர்ந்தெடுத்த சில பள்ளிகளில் மட்டும் நடத்தி மாவட்டத்தின் நிலையைச் சொல்வது அவற்றின் வேலை, அது தேவையானதும்கூட. எந்தப் பிள்ளைக்கு எந்தப் படியில் சறுக்குகிறது என்பதை வகுப்பில் நிற்பவர்தான் கண்டறிய வேண்டும். குறையறி சோதனை, குறைதீர் கற்பித்தல் என்று பி.எட். பாடத்தில் பக்கம் பக்கமாக எழுதித் தேறுகிறோம். பள்ளியில் அதற்கு ஒரு பாடவேளை கிடைப்பதில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். வடிவியலையும் வரைபடத்தையும் மட்டும் பயிற்றுவிக்கும் ஏற்பாட்டைத் திருப்புதல் தேர்வுகள் தொடங்கும் வரை தள்ளிவைக்க முடியுமா? அது முடியாதென்றால், ஒன்பதாம் வகுப்பிலாவது அரையாண்டுத் தேர்வுக்குப் பின் வாரத்துக்கு ஒரு பாடவேளையை ஒதுக்கித் தாருங்கள். பின்னங்கள், எதிர்ம எண்கள், பிரதியிடுதல் ஆகியவற்றில் குறையறி சோதனைத் தாள் ஒன்றைத் தயாரித்து வைத்திருக்கிறேன். அதற்கு மதிப்பெண் கிடையாது. பதிவேட்டிலும் ஏற வேண்டியதில்லை. தலைமை ஆசிரியரின் இசைவு கிடைத்தால், நானே வந்து நடத்தி, விடைகளைத் தங்களோடு அமர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பயிற்சி மாணவன்